அப்பா கொவால்ஸ்கி, மகள் கொவால்ஸ்கா: எழுத்துப்பிழை அல்ல

போலந்து நாட்டுப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பது என் வேலை. "அப்பா பேர் கொவால்ஸ்கி, பொண்ணு பேர் கொவால்ஸ்கான்னு இருக்கு. திருத்திடலாமா?" என்று அடிக்கடி கேட்பார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பப்பெயர்தான்.

நம்மூர்க் கத்தோலிக்கர்களில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். இறை இரக்க பக்தியைப் பரப்பிய புனித ஃபாஸ்டினாவின் இயற்பெயர் ஹெலனா கொவால்ஸ்கா. 1905இல் பிறந்தவர்; 2000இல் புனிதர் பட்டம் பெற்றவர். அப்பா ஸ்தனிஸ்வாவ் கொவால்ஸ்கி. 'கொவால்' என்றால் கொல்லர். அதற்காகக் கொல்லர் குடும்பம் என்று முடிவுகட்ட முடியாது. ஸ்தனிஸ்வாவ் தச்சு வேலையும் விவசாயமும் பார்த்தவர். கொவால், கொவாலே என்று ஊர்களும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர் என்ற பொருளிலும் இப்பெயர் வரும். 'ஸ்கி' என்ற விகுதியைத் தங்கள் ஊர்ப்பெயரோடு முதலில் சேர்த்துக்கொண்டவர்கள் நிலவுடைமைப் பிரபுக்கள். அப்புறம் அது சாதாரண மக்களிடமும் பரவிவிட்டது. ஆகவே 'ஸ்கா' என்று முடிந்தாலே பிரபு வம்சம் என்று சொல்லி வம்சாவளி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

'ஸ்கி' இலக்கணப்படி பெயரடை. பெண்ணைக் குறித்தால் 'ஸ்கா' ஆகிவிடும். 'த்ஸ்கி'யும் அப்படித்தான் 'த்ஸ்கா' ஆகும். மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்க்வொதோவ்ஸ்கா. அவர் அப்பா ஸ்க்வொதோவ்ஸ்கி. ஆனால் நோவாக் போன்ற பெயர்ச்சொற்கள் இன்றைய ஆவணங்களில் இருபாலுக்கும் மாறாது. டென்னிஸ் வீராங்கனை இகா ஷ்வியோன்தெக்கின் அப்பாவும் ஷ்வியோன்தெக்தான். பழைய பதிவேடுகளில் மட்டும் நோவாக்கின் மனைவி நோவாகோவா, மகள் நோவாகுவ்னா என்று வருவதுண்டு. வேறு வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பெரிய சிக்கல் வேற்றுமை உருபில் இருக்கிறது. 'ஆன்னா கொவால்ஸ்காவின்' என்ற பொருளில் வந்தால் பெயரே 'ஆன்னி கொவால்ஸ்கியெய்' ஆகிவிடும். பெற்றோர் இருவரையும் சேர்த்து 'இவர்களின் மகள்' என்று எழுதினால் 'கொவால்ஸ்கிஹ்'. மரம் 'மரத்தின்' ஆவதைப் போலத்தான். இதைத் தெரியாமல் விண்ணப்பத்தில் 'கொவால்ஸ்கியெய்' என்றே நிரப்பி, பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழின் வாக்கியத்திலிருந்து பெயரை எடுக்காமல், பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு அப்பா பெயரையே வைத்து 'கொவால்ஸ்கி' என்று பதிந்திருப்பார்கள். அதையும் நீங்களாக 'ஸ்கா' ஆக்கக் கூடாது. அந்த ஊர்ப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழை இணைத்தால் போதும்.

திருமணமான பெண் பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம், கணவர் பெயருக்கு மாறலாம், இரண்டையும் இணைத்தும் வைக்கலாம். தாயின் பெயர் சரிதானா என்று பார்க்கும்போது 'நஸ்விஸ்கோ ரோதொவே' என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். பிறந்த வீட்டுப் பெயர் அங்கேதான் இருக்கும்.