நாடுகளின் நட்பு எதில் நிற்கிறது?

இந்தியத் தலைவர் யார் மொரீஷியஸ் வந்தாலும் மேடையில் 'ரத்த பந்தம்' என்ற சொல் வந்துவிடும். இங்குள்ள தமிழர்களான எங்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் இரு நாடுகளைச் சேர்த்து வைத்திருப்பது அந்தப் பந்தம் மட்டுமல்ல.

மனிதர் வாக்குத் தவறினால் கோர்ட்டுக்குப் போகலாம். நாடுகளைக் கட்டாயப்படுத்த மேலே யாரும் இல்லை. அப்புறம் ஏன் சொன்ன சொல்லைக் காக்கின்றன? 1980 வாக்கில் ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அரசியல் அறிஞர் ஒவ்வொரு தடவையும் ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று முடிவெடுக்கும் ஆட்டத்தில் கணினி நிரல்களைத் திரும்பத் திரும்ப மோதவிட்டுப் பார்த்தார். ஜெயித்தது மிக எளிய நிரல்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன தடவை செய்ததையே திருப்பிச் செய். நாளைக்கும் அதே சந்தைக்கு வரப்போகும் கடைக்காரர் எடையில் கை வைக்கமாட்டார் இல்லையா?

எங்கள் வரி ஒப்பந்தத்தையே பாருங்கள். 1982இல் இந்தியாவுடன் போட்டது. அதன்படி, மொரீஷியஸ் நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்றுச் சம்பாதித்த லாபத்துக்கு இந்தியா வரி கேட்க முடியாமல் இருந்தது. மொரீஷியஸும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பணம் எங்கள் தீவு வழியாக இந்தியாவுக்குள் கொட்டியது. இங்கே கணக்காளருக்கும் வக்கீலுக்கும் வேலை பெருகியது. நட்டம் இந்தியாவுக்கு. ஒப்பந்தத்தையே முறித்திருக்கலாம், முறிக்கவில்லை. 2016 மே மாதம் பேசித் திருத்தினார்கள்: 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்குத்தான் வரி, முதல் இரண்டு ஆண்டுகள் பாதி விகிதம். அதே 2016இல் இந்தியா 35.3 கோடி டாலர் உதவியும் அறிவித்தது. ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயி போகும் மெட்ரோவுக்கும், உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கும், பள்ளிப் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் அந்தப் பணம் வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, நட்பை நம்பவைப்பது அதற்குக் கொடுக்கும் விலை. 2019 மே 22இல், பிரிட்டன் வசம் இருந்த, நாங்கள் உரிமை கோரிய சாகோஸ் தீவுகள் குறித்து ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் எங்களுக்கு ஆதரவாக 116 வாக்கு, எதிராக 6. அந்த ஆறில் பிரிட்டனும் அமெரிக்காவும் உண்டு. இரண்டுமே இந்தியாவுக்கு வேண்டிய நாடுகள். அப்படியிருந்தும் இந்தியா எங்கள் பக்கம் கை தூக்கியது. மேடைப் பேச்சுக்குச் செலவில்லை, இதற்கு இருந்தது.

சரி, எங்கள் பங்கு? எங்களுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டித் தந்த விமான ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. தீவு மக்களுக்குப் போக்குவரத்து, இந்தியாவுக்கு இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்க ஓர் இடம். இது ராணுவத் தளமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள், அரசு இல்லை என்கிறது. அந்தக் கேள்வியை நண்பனிடமும் வெளிப்படையாகக் கேட்கத்தான் வேண்டும். நிலம் எங்களுடையது.