பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார்?

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: நிகரகுவா, நேபாளம், மலாவி என்று ஏதாவதொரு நாட்டின் கிராமத்தில் சில வாரங்கள் தங்கி, சோலார் அமைத்துக் கொடுத்தபடியே படிக்கும் திட்டங்கள் இருக்கின்றனவே, சேரலாமா? செலவு சில்லறையாக இருக்காது என்பதால் பெற்றோரும் சேர்ந்தே கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துபவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நான்காவது வருடம் பேட்டரி உயிரை விடும்போது புதியது வாங்கும் பணம் யாரிடம் இருக்கும்?

கிராமத்து சோலார் அமைப்புகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டுப் போனால், பெரும்பாலும் பேனலில் குறை இருப்பதில்லை. தூசியைத் துடைத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் சரியான வோல்ட் காட்டும். 25 வருடம் உழைக்கிற சாமான் அது. வினை கீழே பெட்டிக்குள் இருக்கும். திறந்தால் பேட்டரி முனையில் நீலப்பச்சையாகப் பூத்திருக்கும். மூடிகளைத் திருகி உள்ளே டார்ச் அடித்தால், அமிலம் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருப்பது தெரியும். வெளியே தெரியும் தகடுகளில் வெள்ளை படிந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பல மாதம் ஆகியிருக்கும். சில இடங்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். அமிலத்தின் அடர்த்தியை அளந்து, முழு சார்ஜில் 1.26ஐ ஒட்டிக் காட்ட வேண்டிய ஹைட்ரோமீட்டர் 1.1 பக்கத்தில் கிடக்கும்.

அதோடு, சார்ஜ் கன்ட்ரோலரைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேரே விளக்குக்கு ஒரு துண்டு ஒயர் ஓடும். சார்ஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கன்ட்ரோலர் விளக்கை அணைத்துவிடும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. மறுநாள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் பேட்டரியின் ஆயுளையா யோசிப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சார்ஜ் குறைந்ததும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எதற்காக எரிகிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் இரண்டு வாரப் பயணத்தில் கண்ணில் படாது. புதிதாக மாட்டிய அன்று எந்த அமைப்பும் ஜோராக எரியும். படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வெளிநாட்டுப் படிப்பு கிராமத்துக்கு உருப்படியாகப் பயன்பட்டதற்கு நான் காட்டுவது ஹரீஷ் ஹண்டேயை. கரக்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவல் வளாகத்துக்கு மேற்படிப்புக்குப் போனவர். 1990களின் தொடக்கத்தில் டொமினிகன் குடியரசுக்குப் போனபோது, ஏழை வீடுகளில் சோலார் விளக்குக்கு மக்கள் கைப்பணம் கொடுப்பதைப் பார்த்தார். ஆய்வின் போக்கே மாறிப்போனது. இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் இல்லாத கிராமங்களில் போய்த் தங்கினார். 1995இல் நெவில் வில்லியம்ஸுடன் சேர்ந்து, ஏழை வீடுகளுக்கு சோலார் விளக்கு விற்கும் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். வங்கிக் கடன், தவணை, பக்கத்திலேயே பழுதுபார்க்க ஆள் என்ற மூன்றும் அதன் அடிப்படை. மாதம் 300 ரூபாய் முடியாது, நாளுக்கு 10 ரூபாய் என்றால் முடியும் என்று ஒரு தெரு வியாபாரி சொன்னதை அவர் மேடைகளில் சொல்வதுண்டு. 2011இல் மகசேசே விருதும் கிடைத்தது. மாணவனாகப் போன இடத்தில் அவர் கற்றது ஒயர் இழுப்பதை அல்ல, பணம் எந்த வழியில் வருகிறது என்பதை.

ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் இருக்கும் திலோனியா இந்தப் பயணத்தையே திருப்பிப் போட்டது. பங்கர் ராய் 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரிக்கு, ஆப்பிரிக்க நாடுகளின் மின்சாரமில்லாத கிராமங்களிலிருந்து நடுவயதுப் பெண்கள் ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தார்கள். பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள், எழுத்தறியாதவர்கள். பொது மொழி கிடையாது. நிறத்தையும் சைகையையும் வைத்தே சர்க்யூட் போர்டில் சால்டரிங் செய்யக் கற்றார்கள். செலவு, வளரும் நாட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இந்திய அரசின் ஐடெக் திட்டத்தில். இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுத்தால் சான்றிதழோடு பட்டணத்துக்குப் போய்விடுவார்கள், பாட்டி ஊரைவிட்டுப் போகமாட்டாள் என்பது ராயின் கணக்கு. நான் முக்கியமாக நினைப்பது வேறொன்றை: ஊரில் ஒரு குழு அமைத்து, முன்பு மண்ணெண்ணெய்க்கும் டார்ச் செல்லுக்கும் செலவழித்த அளவுக்கு வீடுகள் மாதச் சந்தா கட்ட ஒப்புக்கொள்ள வேண்டும். அதிலிருந்துதான் பயிற்சி முடித்துத் திரும்பிய பெண்ணுக்குச் சம்பளம், உதிரிபாகம் எல்லாம்.

சந்தா இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. பீகாரின் தர்ணை கிராமத்தில் 2014இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது ஊருக்கு மட்டுமான சிறு மின்வலை, அமைத்தது. ஆனால் ‘எங்களுக்கு நிஜமான மின்சாரம் வேண்டும்’ என்று ஊர்க்காரர்களே அரசு மின்சாரத்தைக் கேட்டார்கள். அரசு மின்சாரம் மலிவாக வந்து சேர்ந்தது. பேட்டரிகள் தீர்ந்த பிறகு மைக்ரோகிரிட் கவனிப்பாரற்றுப் போனது. அதனால் போகிற ஊருக்கு மின்கம்பம் எப்போது வரப்போகிறது என்பதையும் விசாரியுங்கள்.

நிகரகுவாவின் சபானா கிராந்தே போன்ற இடம் கிடைத்தால் நல்லது. 1980களின் போரில் புதைத்த கண்ணிவெடிகளால் ஊனமுற்றவர்களும் அந்த வட்டாரப் பெண்களும் குருப்போ ஃபெனிக்ஸ் அமைப்பிடம் பேனல் செய்யக் கற்ற பகுதி அது. வெளிநாட்டு மாணவர்கள் அவர்கள் வீட்டிலேயே தங்கி, சாப்பிட்டு, அவர்களிடமே கற்றுக்கொள்வதுபோல் வகுப்புகள் நடத்தினார்கள். கொடுக்கிற காசு அந்த ஊரிலேயே தங்குகிறது.

போவது என்று முடிவானால் அந்நாட்டு மொழியை ஓரளவாவது பழகுங்கள். நம் ஊரில் தெற்கு பார்த்துப் பேனல் வைத்த கை, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் மலாவியில் வடக்கு பார்த்து வைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் சர்க்யூட் படத்தை உள்ளூர் மொழியில் வரைந்து, எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று குறித்து, பேட்டரிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். பின்னால் பழுதுபார்க்க வருகிறவருக்கு அரை நாள் வேலை மிச்சம்.