சிரிக்கிறார் என்பதால் காது கேட்கிறது என்று அர்த்தமில்லை

"வாப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கவுண்டமணி செந்தில் காமெடி போட்டா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. செய்தி போட்டாத்தான், என்ன முணுமுணுக்கிறான்னு திட்டுறாங்க." கீழக்கரை மகளும் பாம்பன் மருமகனும் சொல்வது ஏறக்குறைய இதேதான். காது பரிசோதிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுக்க இந்த ஒரு பேச்சே போதும்.

இரட்டையர் நகைச்சுவை, காது மங்கியவருக்கும் எட்டும்படி அமைந்த ஒன்று. தொலைக்காட்சி புதிதாக வந்தபோது அமெரிக்காவைச் சிரிக்க வைத்த பட் அபட், லூ காஸ்டெல்லோ ஜோடியைப் பாருங்கள். மேடையில் வளர்ந்து, 1938இல் வானொலிக்குப் போய், 1952 முதல் 1954 வரை சொந்தத் தொலைக்காட்சித் தொடர் நடத்தியவர்கள். அவர்களுடைய பேஸ்பால் உரையாடல் இன்றும் பேசப்படுகிறது. மைதானத்தின் முதல் தளத்தில் (பேஸ்) நிற்கும் ஆட்டக்காரன் பெயரே 'யார்', இரண்டாம் தளத்தில் 'என்ன', மூன்றாவதில் 'தெரியாது'. "முதல் தளத்தில் யார்?" என்று காஸ்டெல்லோ கேட்க, "ஆமாம்" என்பார் அபட். அப்புறம் அதே கேள்வி, கொஞ்சம் மாற்றி, இன்னும் கோபமாக.

ஒருவர் பேச்சில் மற்றவர் அதிகம் குறுக்கிடுவதில்லை. கேள்வி திரும்பத் திரும்ப வருவதால், முதல் முறை தவறவிட்டதை மூன்றாம் முறை பிடித்துக்கொள்ளலாம். ஒரு குரல் கீச்சு, மற்றது கனம். பேசுவது யார் என்ற குழப்பமே இல்லை. கூட்டம் சிரித்து அடங்கும்வரை அடுத்த வரி காத்திருக்கும். அந்தக் காலத்துத் திரை சின்னது என்பதால் இருவரும் ஒரே சட்டத்தில், முகம் தெரிய நிற்பார்கள். உதடு தெரிந்தால் பாதிப் பேச்சு புரிந்த மாதிரி. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டுமென்று மேடையில் பழகிய தொழில் இது.

1989இல் வந்த கரகாட்டக்காரன் படத்து வாழைப்பழக் காட்சியும் இதே கட்டுமானம்தான். ஒரே கேள்வி, ஒரே பதில், ஏறிக்கொண்டே போகும் கோபம். அதை எத்தனையோ முறை பார்த்தவருக்குக் காதே தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயர டிவி கோபுரம் 1995இல்தான் வந்தது. அதற்கு முன்னால் இந்தக் கரையில் ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்தவர்கள் ஏராளம். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தில், சிங்கள நிகழ்ச்சியைக்கூட முகத்தை வைத்தே புரிந்துகொண்ட ஆட்கள். இவர்களுடைய காது மங்குவதை வீட்டார் கண்டுபிடிக்க நாளாகும்.

மங்குவதற்குக் காரணம் வயது மட்டுமில்லை. படகில் டீசல் எஞ்சின் பக்கத்திலேயே இரவு முழுக்க உட்கார்ந்திருந்த காது அது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 என்றால் நான்கு மணி நேரம்தான். இரைச்சல் பெரும்பாலும் முதலில் கெடுப்பது, கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸ் பகுதியை. 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும். ச, த, ஸ போன்றவை நழுவிவிடும். "சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல" என்பது இதுதான். பின்னணி இசையோடு வேகமாகப் படிக்கும் செய்தியில் இது அப்பட்டமாகத் தெரியும். ரிமோட்டை அழுத்தி சத்தத்தைக் கூட்டினால் வீடு அதிரும், வார்த்தை தெளியாது.

வீட்டில் கவனிக்க எளிய வழி ஒன்று. புது நிகழ்ச்சி ஓடும்போது அவர் எப்போது சிரிக்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகச் சிரித்தால் சோதனைக்கு அழைத்து வாருங்கள். நான் அதிகம் நம்பும் அறிகுறி இது. பிடிவாதம், வயசாகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள்.

சில நேரம் வெறும் அழுக்கடைப்பாக இருக்கும். எண்ணெய் ஊற்றாமல் காது மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடலாம். காது மிஷின் தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு அரசே தருகிறது. சோதிக்காமல் கடையில் வாங்கும் மலிவுக் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும், நாலு நாளில் பெட்டிக்குள் போய்விடும். ஆனால் ஒரே நாளில், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் இதெல்லாம் பொருந்தாது. அது அவசரம். சளி, காற்று என்று காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போக, போன கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பும் குறையும்.