டர்போ எஞ்சினை மாற்றினால் பெட்ரோல் குழாயையும் மாற்றுங்கள்

"டொயோட்டா எம்ஆர்2 ஸ்பைடரில் 3எஸ்-ஜிடிஇ டர்போ எஞ்சினை இறக்கியாயிற்று. ஐடிலிங்கில் அருமையாக ஓடுகிறது. முழுதாக மிதித்தால் எஞ்சின் தட்டுகிறது, ஏன்?" ஒரு வாசகரின் கேள்வி இது.

2 லிட்டர் எஞ்சின், சுமார் 1,000 கிலோ கார். ஆசை வருவது நியாயம்தான். ஸ்பைடரில் முதலில் இருந்த 1.8 லிட்டர் 1இசட்இசட் எஞ்சினின் கியர்பாக்ஸ் இதில் சேராது. பெரும்பாலோர் பழைய எம்ஆர்2 டர்போவின் இ153 கியர்பாக்ஸைப் போடுகிறார்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் அதற்கு பெல்ட் வேண்டாம். தட்டலுக்குக் காரணமான கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும்.

ஸ்பைடரில் பெட்ரோல் டாங்குக்குத் திரும்பி வரும் குழாய் கிடையாது. ரெகுலேட்டர் டாங்குக்குள்ளேயே உட்கார்ந்து, அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். அதை 3 பார் என்று வைத்துக்கொள்வோம் (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இன்ஜெக்டர் எவ்வளவு பீய்ச்சும் என்பதை அந்த 3 பார் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் பின்பக்க அழுத்தத்துக்கும், அதன் நுனி நீட்டியிருக்கும் இன்டேக் மேனிஃபோல்டின், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயின், அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே தீர்மானிக்கிறது. டர்போ 1 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், தரும்போது மிஞ்சுவது 2 பார்தான். பாய்வு வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: √(2÷3) = 0.82. காற்று ஏறத்தாழ இரட்டிப்பாகும் அதே நொடியில் பெட்ரோல் 18% குறைகிறது! கலவை மெலிந்து, தானே வெடித்து (அந்தத் தட்டல் இதுதான்), பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைகிறது. பெட்ரோலின் ஆக்டேனைக் கூட்டும் மருந்து பாட்டிலை ஊற்றினால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. பெட்ரோலின் அளவை அது கூட்டாது.

தீர்வு எளிது, அழகும்கூட. 3எஸ் எஞ்சினின் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) இருக்கும் ரெகுலேட்டருக்குள் ஒரு டயஃப்ரமும் ஸ்பிரிங்கும் உண்டு. காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் பிந்தைய மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் அதன் தலைக்கு வருகிறது. 1 பார் பூஸ்ட் டயஃப்ரத்தை அழுத்தினால் ரெயில் 4 பாருக்கு ஏறும், ஐடிலிங்கில் 0.6 பார் வெற்றிடம் இழுத்தால் 2.4 பாருக்கு இறங்கும். வித்தியாசம் எப்போதும் 3 பார். கணினியும் இல்லாமல், கம்பியும் இல்லாமல், ஒரு ரப்பர் தகடு இதைச் செய்கிறது!

ஆகவே டாங்குக்குள் இருக்கும் ரெகுலேட்டரை நீக்கி அந்த வழியை அடைத்துவிடுங்கள், ரெயிலில் மிஞ்சும் பெட்ரோல் டாங்குக்குத் திரும்ப 8 மி.மீ. குழாய் இழுங்கள். குழாய் ஒடுங்கினால் ஐடிலிங்கிலேயே அழுத்தம் ஏறிவிடும். டாங்குக்குள் போகும் ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கவென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண ஹோஸ் வெளிப்பக்கம் ஊறி உப்பிவிடும். 4 பாரில் பம்பின் பாய்வு குறையும் என்பதால் மணிக்கு 255 லிட்டர் பம்ப் போட்டு, ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் கொடுங்கள். மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய ஹோஸின் இரு முனையிலும் கிளிப் போட மறக்காதீர்கள். பூஸ்டில் அது கழன்றால் பழைய கதைதான்.