ஆண்டெனா 'அலைவாங்கி' இல்லை, அலைக்கொம்பு

போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவர் மைக்ரோடிக் ரௌட்டர்போர்டு (வயர்லெஸ்ஸில் இணையத்தைக் கடத்தும் ரௌட்டரின் போர்டு) ஒன்றை மொட்டைமாடிக் கம்பத்தில் ஏற்றும் முன் மேசையில் வைத்து அமைத்துக்கொண்டிருந்தார். பெட்டியில்லாத வெறும் போர்டு, அதில் செருகிய வயர்லெஸ் கார்டு, கார்டில் ஆண்டெனா மாட்டும் இரண்டு முனைகளும் காலி. பவர் கொடுத்து, அதன் அமைப்புப் பக்கமான 192.168.88.1-க்குள் நுழைந்து, வயர்லெஸ்ஸையும் ஓடவிட்டிருக்கிறார். ஆண்டெனா எங்கே என்று கேட்டேன். கையிலிருந்த தமிழ்க் குறிப்பை நீட்டினார். கடைசி வரி: 'அலைவாங்கியைப் பொருத்தவும்.'

"சிக்னல் வாங்கத்தானே அண்ணா, மாடிக்குப் போய் மாட்டிக்கலாம்."

அவர்மேல் தப்பே இல்லை. 'வாங்கி' என்று பெயர் வைத்தால் வேறு எப்படிப் புரியும்? ரௌட்டரில் அலையை அனுப்புவதும் அதே ஆண்டெனாதான். முனை காலியாக இருந்தால் வெளியே போக வேண்டிய ஆற்றல் திரும்பி, அலையைப் பெருக்கி அனுப்பும் சில்லின் (சிப்) மேலேயே விழும். எல்லா கார்டும் அதனால் உடனே போய்விடாது, ஆனால் போகும் கார்டுக்கு வைத்தியம் கிடையாது. அதனால்தான் முதலில் ஆண்டெனா, அப்புறம் பவர் என்பது.

சொல்லின் பிறப்பு சுருக்கமாக. ஆண்டெனா லத்தீன் சொல், கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்குக் கழியின் பெயர். கிரேக்கத்தில் அந்தக் கழிக்குக் 'கெராயா', அது கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அரிஸ்டாட்டில் பூச்சியின் தலைக்கொம்புக்கும் அதையே எழுத, 15ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்த தியோடோர் காசா 'ஆண்டெனா' என்று போட்டார். இத்தாலியில் நட்டுவைத்த கழிக்கும் அதே சொல், மார்க்கோனி வழியாக அது வானொலிக்கு வந்தது. ஆக கழி, கொம்பு இரண்டும்தான் இதன் பொருள். வாங்குவது எங்கேயும் இல்லை.

பின்னே 'அலைவாங்கி' எப்படி வந்தது? மைக்குக்கு வைத்த 'ஒலிவாங்கி'யைப் பார்த்துச் செய்தது போலத்தான் இருக்கிறது. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்த பிறகு ஓட்டுவீட்டு மேல் நின்ற மீன்முள் ஆண்டெனாவுக்கு அது பொருந்தும், அது வாங்க மட்டும்தான் செய்தது. ஆனால் நம் நாட்டு விதியைப் பாருங்கள்: வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இல்லாமல் இயக்க, கருவி தரும் ஆற்றல் 1 வாட் வரை, ஆண்டெனா ஒரு திசையில் குவித்த பிறகு 4 வாட்டுக்குச் சமம் வரை. வாங்குகிற ஒன்று எதைக் குவித்து அனுப்பும்? ஓடும் ஆண்டெனாவிலிருந்து 20 செ.மீ. தள்ளியே இருங்கள் என்கிறது ரௌட்டர் கையேடு. வாங்கியைக் கண்டு யார் விலகி நிற்பார்கள்?

சிலர் 'உணர்கொம்பு' என்பார்கள். பூச்சிக்குச் சரி, ரௌட்டருக்கு அதுவும் பாதி உண்மைதான். 'வான்கம்பி'யில் திசைக்குழப்பம் இல்லை, ஆனால் போர்டின் மேலேயே செப்புத் தடமாக அச்சடித்த ஆண்டெனாவில் வானும் இல்லை, கம்பியும் இல்லை.

என் கட்சி அலைக்கொம்பு. தமிழில் கொம்பு மாட்டுக்கும் உண்டு, கொடி படரும் கொழுகொம்புக்கும் உண்டு, கிரேக்கச் சொல்லின் இரண்டு பொருளும் நம்மிடம் ஒரே சொல்லில் கிடக்கிறது. மக்களும் "நாலு கொம்பு ரௌட்டர்" என்றுதானே கேட்கிறார்கள்! 'ஹார்ன் (கொம்பு) ஆண்டெனா' என்று ஒரு வகை இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதன் வடிவம் புனல், 'புனல் அலைக்கொம்பு' என்றால் தீர்ந்தது. தமிழ்ச்சொல்லே வேண்டாமென்றால் ஆண்டெனா என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. தவறான திசையைச் சொல்லும் தமிழைவிட அது நூறு மடங்கு மேல்.

தம்பி நீட்டிய அந்தக் குறிப்பை எழுதியவர் ஒருமுறையாவது போர்டைத் தொட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். அதே தாளில் கம்பத்துக்கு எர்த் கொடுப்பதை 'தரையிறக்கம்' என்று எழுதியிருக்கிறார். விமானம்தான் தரையிறங்கும். எந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டிருந்தாலும் எர்த் என்று சொல்லியிருப்பார். இடியிலிருந்து போர்டைக் காக்கும் வரி அது, அதையும் தம்பி புரியாமல் தாண்டிவிட்டிருந்தார்.

பவரை எடுக்கச் சொன்னேன். ஆண்டெனா வயரின் பொட்டுக்கடலை அளவு பித்தளை முனையைக் கார்டில் நேராக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார், டிக் என்று உட்கார்ந்தது. அடிக்கடி கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும் என்றும் சொன்னேன். பிறகு குறிப்பின் கடைசி வரியை அடித்துவிட்டு, தாளின் உச்சியில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: 'அலைக்கொம்பை மாட்டாமல் பவர் கொடுக்காதே.'