லண்டன் போகும் தாதியும் மருந்தாளரும் அங்கே மருந்து எழுதலாமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பார்மசி வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். டொக்டரின் துண்டோடு பாதிப் பேர் வருவார்கள். மீதிப் பேர் கையை வீசிக்கொண்டு வந்து, "தம்பி, மூன்று நாளாத் தொண்டை நோ, நல்ல அன்டிபயோடிக் ஒன்று தாங்கோ" என்பார்கள். கவுண்டருக்கு உள்ளே நிற்பவர் அந்த நேரத்தில் எடுத்துக் கொடுத்தால், துண்டு எழுதாமலே மருந்து எழுதிய வேலையைச் செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம். நோயை ஊகித்து, மருந்தைத் தெரிந்து, அளவைச் சொல்லி, காசும் வாங்கியாயிற்று. அந்த வேலைக்கு அவர் பயிற்சி பெற்றதும் இல்லை, சட்டம் அவருக்கு இடம் கொடுத்ததும் இல்லை.

நம் நாட்டில் ஆங்கில மருந்தை எழுதுவது இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியருக்கும் பல் வைத்தியருக்கும் உரிய வேலை. பழைய 'அப்போதிக்கரி' (உதவி வைத்தியர்) வழியில் வந்த ஆர்.எம்.ஓ. எனப்படும் பதிவுபெற்ற மருத்துவ உத்தியோகத்தர்களும் அதே சபையின் பதிவில்தான் இருக்கிறார்கள். மருந்தாளரும் அங்கேதான் பதிகிறார். ஆனால் அந்தப் பதிவு மருந்தை வழங்குவதற்கானது. தாதியருக்கு 1988ஆம் ஆண்டின் சட்டப்படி தனிச் சபை உண்டு. மருந்து எழுதும் அதிகாரம் அதில் வரவில்லை. 'அப்படியென்றால் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறாரே, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸில் வருபவர் மருந்து ஏற்றுகிறாரே' என்று கேட்கலாம். அவை முன்கூட்டியே எழுதிவைத்த ஒழுங்கின்படி வழங்குவது. இந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று தானே முடிவெடுத்துக் கையொப்பம் வைப்பதுதான் எழுதுதல். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இனி லண்டன் கதைக்கு வருவோம். கொழும்பில் நர்சிங் முடித்தவர்களிலும் பி.பார்ம் என்ற மருந்தாளர் பட்டம் முடித்தவர்களிலும் பிரித்தானியா போக நினைப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்கே நர்ஸும் மருந்து எழுதலாமாமே, உண்மையா?" உண்மைதான். ஆனால் நர்ஸ் என்பதால் மட்டும் எழுத முடியாது. அதற்கென்று தனியாகப் படித்து, பரீட்சை தேறி, பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு ஏறிய பிறகுதான் எழுதலாம்.

இது ஒரு நாளில் வந்ததல்ல. 1986இல் கம்பர்லெஜ் தலைமையிலான குழு ஒன்று சமூகத் தாதியரின் வேலையைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் தாதிக்கு எந்தக் கட்டுத்துணி வேண்டும் என்று தெரியும். ஆனாலும் டொக்டரின் ஒரு கையொப்பத்துக்காக அவர் காத்துக் கிடந்தார். அந்த வீண் அலைச்சல்தான் தொடக்கம். 1992இல் சட்டம் வந்தது, 1994இல் சில இடங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். 2006இல் உரிய தகுதி பெற்ற தாதியும் மருந்தாளரும் டொக்டர் எழுதும் மருந்துகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாமே எழுதலாம் என்றானது. இயன்மருத்துவருக்கும் (பிசியோதெரபிஸ்ட்) பாத சிகிச்சையாளருக்கும் 2013இல், அம்புலன்ஸில் வரும் பரமெடிக்குகளுக்கு 2018இல் அந்தக் கதவு திறந்தது. முதல் அறிக்கையிலிருந்து முழுப் பட்டியலுக்கு வர இருபது வருடம் எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உரிமையில் இரண்டு வகை உண்டு. முதலாவது சுயாதீன உரிமை. நோயாளியைத் தானே பார்த்து, தானே முடிவெடுத்து எழுதுவது. மற்றது துணை உரிமை. டொக்டர் முதலில் நோயைக் கண்டறிந்து, நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சைத் திட்டம் ஒன்றை எழுதிவைப்பார். அந்த வேலிக்குள் நின்று மருந்தை மாற்றலாம், கூட்டிக் குறைக்கலாம். உணவியலாளருக்கு இந்த இரண்டாவது வகை மட்டுந்தான்.

தாதியர், மருத்துவிச்சிகளுக்கான படிப்பை அங்கே 'வி300' என்று அழைக்கிறார்கள். விண்ணப்பிக்கப் பிரித்தானியப் பதிவில் குறைந்தது ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும். மருந்தாளருக்கு முன்னர் இரண்டு வருட நிபந்தனை இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு, பொருத்தமான அனுபவம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2026இலிருந்து அங்கே பயிற்சி முடித்துப் புதிதாகப் பதிவாகும் மருந்தாளர்கள் எழுதும் உரிமையோடேயே வெளியே வருவார்கள் என்பது ஏற்பாடு. இலங்கையில் படித்துவிட்டுப் போகிறவர் அந்த வசதி தனக்கும் தானாக வரும் என்று எண்ணிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். தான் போகும் பதிவு வழிக்கு என்ன விதி என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மருந்தாளருக்கான படிப்பில் 26 நாள் அளவுக்குப் பாடம், 90 மணித்தியாலம் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி. 26 நாளில் என்ன படித்துக் கிழிக்க முடியும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மருந்துகளைப் பற்றிய அறிவை அங்கே புதிதாகக் கொடுப்பதில்லை. அது ஏற்கனவே இருக்கிறது என்ற கணக்கில்தான் தொடங்குகிறார்கள். கொடுப்பது முடிவெடுக்கும் பழக்கத்தை. 1994இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு ஒன்று இந்தப் பழக்கத்தை ஆறு படியாகப் பிரித்தது: நோயாளியின் பிரச்சினை என்ன, சிகிச்சையால் எதை அடையப் பார்க்கிறோம், நினைத்த மருந்து இவருக்குப் பொருந்துமா, பிறகு எழுதுவது, விளக்கிச் சொல்வது, பலனைப் பார்த்து நிறுத்துவதோ தொடர்வதோ. எழுதுவது நான்காவது படி என்பதைப் பாருங்கள். நம் கவுண்டரில் அது முதலாவது படி.

பிரித்தானியாவில் டொக்டர், தாதி, மருந்தாளர், இயன்மருத்துவர் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். 'ரோயல் பார்மசியூட்டிகல் சொசைட்டி' என்ற மருந்தாளர் சங்கம் 2016இல் வெளியிட்டு 2021இல் திருத்திய தகுதிச் சட்டகம் அது. அதில் பத்துத் தகுதிகள். நோயாளியை மதிப்பிடுவதில் தொடங்கி, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது, விளக்கம் கொடுப்பது, தன் தவறிலிருந்து கற்பது வரை போகும். மாணவர் ஒவ்வொன்றுக்கும் சான்று சேர்த்து ஒரு கோப்புக் கட்ட வேண்டும்.

பரீட்சைதான் சுவையான இடம். தாதியருக்கான விதிப்படி மருந்தியல் பரீட்சையில் குறைந்தது 80 புள்ளி வேண்டும். மருந்துக் கணக்கில் நூற்றுக்கு நூறு. 99 எடுத்தாலும் தேறவில்லை. கொடுமை மாதிரித் தெரியும். ஒரு கணக்கைப் பாருங்கள். 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிட்டமோல் என்றால் 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஒரு தடவைக்கு 7.5 மில்லிலீட்டர். இதில் தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளினால் 75 மில்லிலீட்டர். தைரொயிட் மாத்திரை 50 மைக்ரோகிராம் என்பதை மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு. கிழமைக்கு ஒரு தடவை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதியதால் உயிர்கள் போயிருக்கின்றன. இந்தக் கணக்கில் 'பரவாயில்லை, ஒரு புள்ளிதானே' என்று விட முடியாது.

அடுத்தது நேர்முகச் செயன்முறைப் பரீட்சை. ஒஸ்கி என்பார்கள், 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் தொடக்கிவைத்த முறை. அறைக்குள் நோயாளியாக நடிப்பவர் இருப்பார், குறித்த நிமிடங்கள், மூலையில் பரீட்சகர். நம் ஊர்ப் பாணியில் ஒரு காட்சி சொல்கிறேன். 68 வயதுப் பெரியம்மா. முழங்கால் நோ. "பக்கத்து வீட்டு அக்கா குடிக்கிற டைக்குளோபெனக்கை எனக்கும் எழுதுங்கோ பிள்ளை, அவவுக்கு அது நல்லாக் கேட்டது" என்கிறார். மருந்தின் பெயர் தெரியும், அளவு தெரியும், எழுதிவிடலாம். நல்ல மாணவர் பேனையை எடுக்க மாட்டார். வேறென்ன மருந்து குடிக்கிறீங்க என்று கேட்பார். பிரஷருக்கு லொசார்டன், அதோடு சேர்ந்த தண்ணி மாத்திரை (சிறுநீரைக் கூட்டுவது) என்று பதில் வரும். இந்த இரண்டோடு டைக்குளோபெனக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று மடங்கலாம். வயிற்றுப் புண் இருந்ததா, ஆஸ்துமா இழுப்பு இருக்கிறதா, கடைசியாகச் சிறுநீரக இரத்தப் பரிசோதனை எப்போது, நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். கசாயத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்துத் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும். கடைசியில் பூசும் மருந்தும் பயிற்சியும் போதும் என்று சொல்லி, பெரியம்மா கோபப்படாமல் ஏற்கும்படி விளங்கவைக்க வேண்டும். அந்த அறையில் மருந்து எழுதாததற்குத்தான் புள்ளி. எழுதியவர் மற்ற அறைகளில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நோயாளிக்கு ஆபத்தான முடிவு எடுத்ததற்காகவே தோற்கடிக்கப்படலாம்.

விளக்கம் கொடுக்கும் தகுதியைப் பற்றி ஒரு சொல். கொழும்பில் சிங்களத்தில் எழுதிய மருந்து உறையைத் தமிழ் ஆச்சி ஒருவர் மாத்திரையின் நிறத்தை வைத்து ஞாபகம் வைத்திருப்பதை நாம் எல்லோரும் வீட்டில் பார்த்திருக்கிறோம். கொம்பனி மாறி நிறமும் மாறினால் கணக்குக் குழம்பும். அந்தப் பரீட்சையில் 'விளங்கிச்சா?' என்று கேட்டால் போதாது. நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்.

தேறிய பிறகும் எல்லையற்ற உரிமை இல்லை. தான் திறமை காட்டிய துறைக்குள்தான் எழுதலாம். சீனி வருத்தக் கிளினிக்கில் பழகியவர் மனநோய் மருந்தில் கை வைப்பதில்லை. தனக்கோ வீட்டாருக்கோ எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். தான் எழுதியதைத் தானே வழங்காமல் இயன்றவரை இன்னொருவர் பார்க்கும்படி விட வேண்டும். காப்புறுதியும் அவசியம். மோர்பின் வகை மருந்துகளில் தாதிக்கும் மருந்தாளருக்கும் இடம் பெரிது; இயன்மருத்துவருக்கு வரையறுத்த சிலவே.

இந்தத் தகுதியோடு கொழும்புக்குத் திரும்பினால்? இங்கே அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வி300 பெற்ற தாதி இங்கே ஒரு துண்டு எழுதினால் அது செல்லாது, குற்றமாகவும் போகலாம். நம் நாட்டிலும் இந்த உரிமையைத் திறக்க வேண்டுமா என்ற வாதம் வேறு. திறப்பதானால் பரீட்சையை முதலில் கட்டிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கவுண்டரில் இப்போது நடப்பது தலைகீழ்.

போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, பயிற்சியைப் பார்த்து உங்களைத் தேறியவர் என்று கையொப்பமிட ஒரு வழிகாட்டி தேவை. முன்னர் அவர் டொக்டராகவே இருக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது அனுபவமுள்ள தாதியோ மருந்தாளரோ கூட இருக்கலாம். ஆனாலும் அப்படி ஒருவரைத் தேடிப்பிடிப்பதில்தான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்கான நேர்முகத்திலேயே இரண்டைக் கேளுங்கள்: இந்த இடத்தில் எழுதும் தகுதி பெற்றவர் யார் இருக்கிறார், பயிற்சிக்கு வேண்டிய மணித்தியாலங்களை அவர் எனக்குத் தருவாரா. வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.