பங்குதாரர் அல்லர், உரியோர்

கடற்கரை ஊர்களில் நடக்கும் கலந்தாய்வுக் கூட்டங்களின் அழைப்பிதழ்களில் ‘அனைத்துப் பங்குதாரர்களும் கலந்துகொள்ள வேண்டுகிறோம்’ என்ற வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்பதற்கு இதுதான் தமிழ் என்று முடிவாகிவிட்டதுபோல, ஆய்வேடுகளிலும் வினாப்படிவங்களிலும் இது ஏறிவிட்டது. சூழல் சமூகவியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூலச்சொல்லின் கதை சுருக்கமானது. பந்தயம் கட்டியவர்களின் பணத்தை முடிவு தெரியும்வரை வைத்திருக்கும் மூன்றாம் ஆளுக்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 1960களில் அமெரிக்க நிர்வாகவியலார் அதற்குப் புதுப்பொருள் கொடுத்தார்கள். 1984இல் எட்வர்ட் ஃபிரீமன் எழுதிய நூலுக்குப் பிறகு அது எங்கும் பரவியது. பங்கு வாங்கியவர்களைத் தவிர, நிறுவனத்தின் செயலால் நன்மையோ தீமையோ அடையும் மற்றவர்களும் உண்டு என்று காட்டவே அந்தச் சொல்லை எடுத்தார்கள். அதைப் ‘பங்குதாரர்’ என்று பெயர்த்தால், எதை மறுக்கப் பிறந்ததோ அதுவாகவே சொல் ஆகிவிடுகிறது.

‘தார்’ பாரசீக ஈறு என்பது என் குறை அன்று. தாசில்தார் நம்மவராகி எவ்வளவோ காலம் ஆயிற்று. ‘பங்கு’தான் இடறுகிறது. குமரிக் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே திட்டமான பொருள்கள் உண்டு. செலவு போக மிஞ்சியதில் வள்ளத்துக்கும் வலைக்கும் பிரிப்பது பங்கு. கடலுக்குப் போன ஆட்களுக்குக் கொடுப்பதும் பங்கு. கிறித்தவக் கோயிலைச் சேர்ந்த மக்கள் திரளும் பங்கு. பங்குத்தந்தை, பங்குப்பேரவை எல்லாம் அதிலிருந்து வந்தவை. சிலர் ‘பங்காளிகள்’ என்றும் எழுதுகிறார்கள். பங்காளி என்றால் பாட்டன் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் உறவு என்பது தமிழ்நாட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இதன் விளைவைக் குளச்சலில் பார்த்தேன். மீன் விற்கும் முதியவர் ஒருவரிடம் மாணவி, படிவத்தில் இருந்தபடியே, “அம்மா, நீங்கள் இங்கே பங்குதாரரா?” என்று கேட்டார். “இல்லை மக்களே, வள்ளத்தில் எனக்குப் பங்கு கிடையாது. ஏலத்தில் எடுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறேன்” என்றார் அவர். மாணவி ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால், கரையில் மீன் வரத்து நின்றால் மறுநாளே அடுப்பு அணையும் ஒருவர் ஆய்வின் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டார்.

இன்னொரு கேடும் உண்டு. குமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டக் கடலோரத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கத் திட்டம் வந்தது. மணல் எடுக்கும் நிறுவனமும் பங்குதாரர், அந்த மண்ணில் வீடு கட்டியிருப்பவரும் பங்குதாரர் என்று எழுதினால், இருவரும் கூட்டாக முதல் போட்டுத் தொழில் தொடங்கியதுபோல் ஆகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே இவர்களை ஒன்றாகக் கட்டவில்லை. பாதிக்கப்படும் உள்ளூர் மக்களை ஒரு வகையாகவும், தாக்கத்தில் அக்கறை கொள்ள நியாயம் உள்ள பிறரை வேறு வகையாகவும் அது சொல்கிறது. முன்னவருக்கு நேரில் கருத்துக் கேட்புக் கூட்டம். பின்னவர் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அரசின் ஆவணம் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் சேர்த்துக் குழைத்துவிடுகிறார்.

இதற்கு ஒற்றைச் சொல் தேட வேண்டியதில்லை. கடலையும் காயலையும் குளத்தையும் நம்பிப் பிழைப்பவர்கள் ‘உரியோர்’. உரிமை என்ற சொல்லோடு ஒரே வேர். பத்திரம் இல்லாதவருக்கும் பொருந்தும். துறைகள், நிறுவனங்கள், என்னைப் போன்ற ஆய்வாளர்கள் ஆகியோர் ‘தொடர்புடையோர்’. ‘அக்கறையாளர்’ என்றொரு சொல்லும் புழங்குகிறது. தன்னார்வலருக்கு அது சரி, வலை பின்னுகிறவருக்கு அக்கறை என்பது மிகக் குறைவான சொல்.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள், படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏலக்கூடத்தில் நான்கு பேரிடம் வாசித்துக் காட்டட்டும். ‘எந்தப் பங்கு?’ என்று ஒருவராவது கேட்பார்.